கண் திறக்கிற வேலை

பக்கத்துப் பட்டறையில் எட்டுத் தறியும் ஓடுகிற வரைக்கும் என் பிள்ளை மிதுலா எழுந்திருக்க மாட்டாள், அதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் மூணு மணிக்குள் அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டேன். எழுதும்போது மணி ஒண்ணே கால். இப்போது ஒண்ணே முக்கால். நான் இன்னும் படத்தைத் திறக்கவே இல்லை. கால் கட்டைவிரலில் தொட்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், விரலை மடக்கினால் தொட்டில் இந்தப் பக்கம் வருகிறது, விட்டால் அந்தப் பக்கம் போகிறது, மடியில் போன் சூடாகக் கிடக்கிறது, சூடு என்று நினைத்ததுமே எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட வேண்டும்போல் இருக்கிறது, தொட்டுப் பார்த்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. காலையில் மூணரை மாசத்து ஊசி. தொடையில் போட்டார்கள். வீல் என்று ஒரே ஒரு கத்து, அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நீயும் இவர்களோடு சேர்ந்தவள்தானா என்கிற மாதிரி. "சாயங்காலத்துக்குள்ள உடம்பு சுடும், பயந்துக்காதே அம்மிணி, இந்தச் சொட்டு மருந்தைக் குடு, துணிய நனைச்சுத் தொடைச்சு விடு" என்று நர்ஸம்மா சொன்னார்கள். பயந்துக்காதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும். அத்தை ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள், "போனை நோண்டிட்டு உக்காந்திருக்காதே கோகிலா, புள்ளையப் பாரு." பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலை. மத்தியானம் இவள் தூங்குகிற நேரத்தில் போனில் போஸ்டர் போடுவது யாருக்கும் வேலையாகத் தெரியாத வேலை. இவள் சோப்பும் சட்டையும் இந்த வேலையில்தான் வருகிறது, ஆனாலும் என் வீட்டுக்காரர் தறிக்காரர்களிடம் சொல்லும்போது "எம்பட பொண்டாட்டி வீட்டுல படம் ஓட்டறா" என்றுதான் சொல்வார், அவர்கள் சிரிப்பார்கள், தறிச் சத்தத்திலும் அந்தச் சிரிப்பு எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும்.

படத்தைத் திறந்தால் அந்தக் குழந்தை வந்துவிடும், அதுதான். ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சு வந்தது, குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள், புது நம்பர், காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். "அக்கா, நான் சுகந்திங்க, அந்தியூர்ப் பக்கம். ஃபிளெக்ஸ் கடை ரங்கராசு அண்ணன் உங்க நம்பரைக் குடுத்தாரு. மூடியிருக்கிற கண்ணை நீங்க தொறந்து குடுப்பீங்களாமா. எம் பாப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணிக் குடுங்க்கா. நாப்பத்தோரு நாள் இருந்தாங்க." இருந்தாங்க என்று மரியாதையாகச் சொன்னாள், ஊரிலிருந்து வந்துவிட்டுப் போன பெரிய மனுஷியைச் சொல்கிற மாதிரி. பால் குடித்துவிட்டுத் தூங்கின பிள்ளை விடியக்காலம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஏதோ பேர் சொன்னாராம், அவளுக்கு மனசில் நிற்கவில்லையாம், "தூக்கத்துலயேங்க்கா" என்றாள். நாலு நாள் ஆயிற்று. உயிரோடு இருந்தபோது பிடித்த படம் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அஞ்சு மாசம் ஆகாத பிள்ளையைப் போட்டோ பிடிக்கக்கூடாது, கண் பட்டுவிடும், ஆயுசு குறைந்துவிடும் என்று அவள் மாமியார் சொல்லியிருக்கிறார், அவளும் கேட்டிருக்கிறாள். இருக்கிறது ஒரே படம், புதைக்கத் துணி சுற்றும்போது யாருக்கும் தெரியாமல் அவள் அண்ணன் எடுத்தது. அண்ணன் நாலு மணி பஸ்ஸுக்கு ஓசூருக்குக் கிளம்புகிறார், போன் அவருடையது, அதற்குள் ஸ்டுடியோவில் கொடுத்து உள்ளங்கை அளவுக்கு ஒரு படம் போட்டுக்கொள்ள வேண்டும், நாளைக்கு அவளைப் புருஷன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், அங்கே படம் கிடம் என்றால் சேர்க்க மாட்டார்கள், பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொள்வாளாம். "கண்ணு மட்டும் தொறந்து குடுங்க்கா, வேற ஒண்ணும் வேண்டாங்க." எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். மிதுலா பிறந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டார்கள், போட்டோ பிடிக்கிற சோலியே வேண்டாம். நான் தலையை ஆட்டினேன், அத்தை குளிக்கப் போகும்போதெல்லாம் பிடித்தேன். சிரிக்கிறது, கொட்டாவி விடுகிறது, காலைப் பிடித்துக்கொண்டு காலையே பார்க்கிறது. போனில் இடம் போதவில்லை என்று சொல்கிற அளவுக்குக் கிடக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்டவளிடம் ஒரு படமும் இல்லை. கேட்காதவளிடம் இத்தனை இருக்கிறது. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று யோசிக்கப்போனால் அடுத்த யோசனை என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் போகவில்லை. கட்டைவிரலை மடக்கினேன். விட்டேன்.

திறந்துவிட்டேன். தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, காதோரம் ஒரு சாமந்தி, வாசல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது, அந்தக் கன்னத்தில் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு. அந்த நேரத்திலும் யாரோ ஒருத்தர் மையைத் தொட்டுத் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அவளேதான் வைத்திருப்பாள். இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன் இந்தச் சின்னக் கண்ணாடிக்குள். எட்டாவதோடு நின்று ரங்கராசு அண்ணன் கடைக்குப் போனபோது எனக்கு ஃபிளெக்ஸ் ஓரத்தில் ஓட்டை போட்டு வளையம் அடிக்கிற வேலைதான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த டிசைனர் அண்ணன் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவளுக்கு விரல் மட்டும் எப்படியோ வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் கடைக்குப் போக முடியாது, போனிலேயே போட்டு அனுப்பு என்றார் ரங்கராசு அண்ணன். வருகிறவர்கள் கேட்கிறதைக் கேட்டால் சிரிப்பு வரும். வயித்தை உள்ள தள்ளுங்க. மீசையை முறுக்கி விடுங்க. வயசுக்கு வந்த சீர் விழாவுக்குப் பிள்ளையை வெள்ளை பண்ணுங்க, அவுங்க அத்தையை வேணும்னா கறுப்பாவே விடுங்க. ஒருத்தர் ரங்கராசு அண்ணனிடம் சண்டைக்கே போய்விட்டார், "ஏனுங், பொண்டாட்டி கழுத்துல சங்கிலி தெரியவே மாட்டேங்குது, நாலு பேர் பாக்கற ஃபிளெக்ஸு, ஒண்ணு கூடப் போட்டு விடச் சொல்லுங்க உங்க அம்மிணிய." போட்டேன், ஒன்றுக்கு மூன்றாக. செத்தவர்கள் படம் வந்தால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்ததைக் கொண்டுவந்து, உயிரோட இருக்கறாப்புல பண்ணிக் குடுங்க என்பார்கள். முதல்முதலாக ஒரு பெரியவருக்குக் கண் திறந்தேன், அவர் மகனைக் கடையில் உட்கார வைத்துப் படம் எடுத்து, மகன் கண்ணை வெட்டி அப்பாவுக்கு வைத்தேன், சுருக்கத்தைக் கூட்டினேன், சரியாக உட்கார்ந்துவிட்டது. மகன் பார்த்துவிட்டு "எங்கப்பன் என்னையத் திட்டறதுக்கு முன்னால இப்படித்தான் பாப்பாரு" என்று விம்மினார். அதிலிருந்துதான் கண் திறக்கிற அம்மிணி என்று பேர் வந்தது. அஞ்சாறு பேருக்குத் திறந்திருப்பேன். அண்ணனுக்குத் தம்பி கண், அம்மாவுக்கு மகள் கண். ஒரு ரத்தத்தில் எடுத்தால் ஒட்டும். அவர்கள் எல்லாம் வாழ்ந்து முடித்தவர்கள், கண் கொடுத்தவர்களும் வளர்ந்தவர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டுப் பார்த்ததில்லை.

நாற்பத்தோரு நாள் குழந்தையின் கண்ணுக்கு எங்கே போவது. சுகந்தியிடம் வேறு பிள்ளை இல்லை, அவள் கண்ணைக் கேட்கலாம் என்றால் நாலு நாளாக அழுத கண். இணையத்தில் தேடினால் வருகிற குழந்தைகள் எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகள், சாம்பல் கண், நீலக் கண், நம் ஊர் முகத்தில் வைத்தால் கண்ணாடிக் கோலி மாதிரி முழிக்கிறது. கறுப்புக் கண்ணாகத் தேடினேன், விளம்பரத்துக் குழந்தை, அதற்கு யாரோ என்னை மாதிரி ஒருத்தி ஏற்கெனவே வெள்ளை பூசியிருக்கிறாள். அப்புறம் என் விரல் தானாக நான் பிடித்த படங்களுக்குள் போயிற்று. நான் போகச் சொல்லவில்லை, அதுவே போயிற்று. மிதுலாவுக்கு அதே நாற்பது நாள் இருக்கும், அதே மாதிரி மல்லாந்து, அதே இடது பக்கம், அதே வாசல் வெளிச்சம். இதற்காகவே பிடித்து வைத்த மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததும் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். இருந்தாலும் வெட்டினேன். ஓரத்தை மென்மையாக்கினேன், நிறத்தைச் சேர்த்தேன், முதலில் இடது, பிறகு வலது, ஒரு இழுப்பில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்ததும் அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது. அஞ்சாறு பேருக்குத் திறந்திருக்கிறேன், இப்படி யாரும் பார்த்ததில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, அந்த வெளிச்சப் புள்ளி இல்லாவிட்டால் கண்ணுக்கு உயிர் வராது, அந்தப் புள்ளிக்கு நடுவில் கறுப்பாக ஒரு உருவம், கையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறது. அது நான்தான். போனைப் பிடித்துக்கொண்டு மிதுலாவைப் படம் எடுக்கிற நான். சுகந்தியின் பிள்ளை கண்ணுக்குள் நான் நிற்கிறேன். மிதுலாவின் கண்கள் சாமந்திப் பூவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மிதுலா துணிக்குள் சுற்றிக் கிடக்கிறாள். இல்லை, அப்படி இல்லை, இது படம், வெறும் படம், ஓட்டை போட்டு வளையம் அடித்து மழையில் கிழிகிற மாதிரி ஒரு படம். படம் என்றால் எதற்கு அத்தை பிடிக்க வேண்டாம் என்றார்கள். படம் என்றால் எதற்கு அவள் நாலு நாளாக ஒரு படத்துக்கு அழுகிறாள். நான் எடுத்ததை வைத்துத்தான் அந்தக் குழந்தை பார்க்கிறது, எடுத்தது இங்கே குறையாதா. ஒரு இடத்தில் எடுத்தால் இன்னொரு இடத்தில் குறையும்தானே, நூல்கூட அப்படித்தான்.

தறி நின்றது. எட்டும் ஒரே நேரத்தில். கரண்ட் போய்விட்டது. ஃபேன் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது. இந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்கிறவள் மிதுலா, சத்தம் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும், கரண்ட் போன அரை நிமிஷத்தில் சிணுங்குவாள், ஒரு நாளும் தவறியதில்லை. பட்டறையில் யாரோ "போச்சுடா, டீக்கு வாங்கடா" என்கிறார்கள். நான் தொட்டிலைப் பார்க்கிறேன். சேலை அப்படியே தொங்குகிறது. ஒரு அசைவு இல்லை. அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஆகியிருக்காது. ஆகிவிட்டது. எழுந்திருக்கலாம், எழுந்து நாலு எட்டு வைத்தால் தொட்டில், ஆனால் எழுந்து பார்க்காத வரைக்கும் அவள் தூங்குகிறாள், சுகந்தியும் அப்படித்தானே நினைத்திருப்பாள், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், ராத்திரி பால் குடித்தாளே, தூங்கட்டும், என்று பக்கத்திலேயே படுத்திருந்திருப்பாளே. கட்டைவிரலில் கயிறு இறுகிவிட்டது, அவிழ்க்காமலே எழுந்து இழுத்துக்கொண்டு போனேன், சேலையை விலக்கினேன். வாய் பாதி திறந்திருக்கிறது. கன்னம் சிவந்திருக்கிறது. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன், காற்று வருகிறதா தெரியவில்லை. மாரியம்மா, நான் எடுத்ததைத் திருப்பி வைத்துவிடுகிறேன், இப்போதே வைத்துவிடுகிறேன். வந்தது. சூடாக, ஈரமாக, பால் வாசத்தோடு ஒரு மூச்சு, அப்புறம் இன்னொன்று. காய்ச்சல் அசதி. மருந்தின் மயக்கம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நனைத்த துணியால் நெற்றியைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், அக்குளைத் துடைத்தேன், அவள் முகத்தைச் சுளித்தாள், அந்தச் சுளிப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. தொட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்றால், கொஞ்சம்.

மறுபடியும் தறி ஓடத் தொடங்கியபோது மணி இரண்டே கால். போனில் அவள் எழுதியிருந்தாள், "ஆச்சுங்களா அக்கா. அண்ணன் வண்டிய எடுத்து வெளிய நிறுத்திருச்சுங்க." முடியவில்லை என்று எழுதிவிடலாம். போன் கெட்டுவிட்டது, குழந்தைக்குக் காய்ச்சல். பொய்யும் இல்லை. ரங்கராசு அண்ணனுக்குத் தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மூடின கண்ணோடேயே வெச்சுக்கம்மா, தூங்கறாப்புலதான் இருக்கு, என்று எழுதலாம். எழுதினேன். தூங்கறாப்புல என்ற இடத்தில் விரல் நின்றது. தூக்கத்துலயேங்க்கா என்றவளுக்குத் தூங்குகிற மாதிரி ஒரு படத்தை எப்படி அனுப்புவது. அழித்தேன். அந்த நேரத்தில்தான் தோன்றிற்று, என்னிடமும் இரண்டு கண் இருக்கிறதே என்று. சிரிப்பாகத்தான் இருந்தது. என் முகம் எந்தப் படத்திலும் நிமிர்ந்து இருந்ததில்லை. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கல்யாணத்து ஃபிளெக்ஸை நானேதான் போட்டேன், மாப்பிள்ளையைப் பெரிதாகவும் என்னைச் சின்னதாகவும் வைத்தேன், அதிலும் கண்ணைத் தாழ்த்தின படம்தான், பார்த்தவர்கள் அடக்கமான புள்ளை என்றார்கள். போனில் என் பேருக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப் பூதான் இருக்கிறது. ஆதார் கார்டில் மட்டும் நிமிர்ந்திருக்கிறேன், அதுவும் அந்த ஆள் மூணு தடவை அதட்டினதால். அப்படியே தொட்டிலுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். தலையை வாசல் பக்கம் வைத்து, முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தேன், அந்தக் குழந்தை கிடக்கிற மாதிரியே. மேலே சேலைக்குள் மிதுலாவின் முதுகு உருண்டையாகத் தெரிந்தது, மெல்ல ஏறி இறங்கிற்று. போனைத் தூக்கிப் பிடித்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளை யார் பார்ப்பார்கள் என்று வந்தது. அத்தை பார்ப்பார்கள். பார்ப்பார்களா. பார்ப்பார்கள். குறைவது என்றால் இங்கே குறையட்டும். கண்ணை முழுசாகத் திறந்து அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தேன், இதுவரைக்கும் ஒருத்தரையும் அப்படிப் பார்த்ததில்லை, கட்டிக்கொண்டவரைக்கூட. குழந்தைக்குக் கருவிழி பெரிசு, வெள்ளை கம்மியாத் தெரியணும், அதுதான் சூட்சுமம் என்று கடையில் அந்த டிசைனர் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. கருவிழியைப் பெரிதாக்கினேன், இமை மயிரைக் குறைத்தேன், ஓரச் சுருக்கத்தை அழித்தேன், வெள்ளையில் கொஞ்சம் நீலம் கலந்தேன். அழுததில் வந்த சிவப்பை எடுத்தேன், முழுசாகப் போகவில்லை, இழுக்க இழுக்க ஒரு ஈரம் நின்றுகொண்டே இருந்தது. நேரம் இல்லை, விட்டுவிட்டேன். திருஷ்டிப் பொட்டை எடுக்கவில்லை. மூணுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு வந்தது, பார்த்துவிட்டாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மூணு மணி ஆயிற்று, மூணே கால் ஆயிற்று. பிடிக்கவில்லை போல. அம்மாவுக்குத் தெரியாதா, இது தன் பிள்ளை கண் இல்லை என்று. இருபத்து நாலு வயசுக்காரியின் கண்ணைப் பிள்ளைக்கு வைத்து அனுப்பியிருக்கிறாள் என்று அண்ணனிடம் காட்டி அழுகிறாளோ. மூணே முக்காலுக்குப் பேச்சு வந்தது. சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்தேன், முதலில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல், யாரோ பவானி பவானி என்று கூவுகிறார்கள், அப்புறம் அவள் குரல். "படம் போட்டாச்சுங்க்கா. கையில வெச்சிருக்கேன்." மறுபடியும் பவானி பவானி. "இவ கண்ணு இப்படித்தான் இருந்துச்சான்னு கேட்டா எனக்குத் தெரியலீங்க்கா. நாலு நாளா கண்ண மூடி மூடி நெனைச்சுப் பாத்தேன், நெனைச்சு நெனைச்சே அழிஞ்சு போச்சுங்க. இனிமே இதுதான் அவ கண்ணு. இதையே நெனைச்சுக்கறேன்." மூணு தடவை கேட்டேன். அவள் நாளைக்குப் பெட்டியோடு போய்விடுவாள், அவள் முகம்கூட எனக்குத் தெரியாது, அடுத்த பிள்ளை பிறக்கும், வயசாகும், யாரும் இல்லாத நேரத்தில் சேலைக்கு அடியில் கையை விட்டு எடுப்பாள், அப்போதெல்லாம் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரையும் நிமிர்ந்து பார்க்காத நான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முதலில் செய்த படம், மிதுலாவின் கண்ணோடு. அழித்துவிடவா என்று போன் கேட்டது, ஆம், இல்லை. ஆம் என்று அமுக்கப் போனேன், அது இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கிறதை எப்படி அழிப்பது. இல்லை என்று அமுக்கினேன். கண்ணை மட்டும் தொட்டு எடுத்தேன், முதலில் இடது, பிறகு வலது, எடுத்ததும் அடியில் இருந்த இமைகள் தெரிந்தன, மூடியபடியே. சாமந்தி. திருஷ்டிப் பொட்டு. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு விரலை மடக்கினேன், தொட்டில் வந்தது, விட்டேன், போயிற்று, தூங்கு சாமி என்று வாய் முணுமுணுத்தது, எந்தப் பிள்ளைக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் சேலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை துணியைத் தள்ளிப் பார்த்தது.